ரேடியேட்டர் ஃபேன் ஓடவில்லை: டைரக்ட் கொடுப்பதா, மோட்டாரை மாற்றுவதா?

ரேடியேட்டர் ஃபேன் நின்றுபோனால் பெரும்பாலும் இரண்டு யோசனைகள் வரும். ஒன்று, சூட்டை உணரும் சென்சார், ஃபேனுக்குக் கரண்ட்டைத் திறந்துவிடும் ரிலே எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, பேட்டரியிலிருந்து ஒரு வயர் இழுத்து டாஷ்போர்டில் சுவிட்ச் வைத்து 'டைரக்ட்' கொடுப்பது. இன்னொன்று, கோளாறைத் தேடிப்பிடித்து, தேவையென்றால் மோட்டாரை மாற்றி, ஃபேன் முன்புபோலத் தானாகவே ஓடும்படி செய்வது. என் வண்டிக்கு நான் இரண்டாவதைத்தான் செய்தேன். மறுபடி இதே நிலை வந்தாலும் அதையே செய்வேன்.

அதற்கு முன், கோளாறு ஃபேனில்தானா என்று பார்த்துவிட வேண்டும். நெரிசலில் நிற்கும்போது சூட்டு முள் ஏறி, வண்டி வேகமெடுத்ததும் இறங்கினால் ஃபேனைச் சந்தேகிக்கலாம். வேகமாகப் போகும்போதே ஏறினால் கூலன்ட் குறைவு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப், அடைத்துக்கொண்ட ரேடியேட்டர் என்று வேறு பக்கம் போக வேண்டும்.

ஃபேன்தான் என்றால், ஏசியைப் போட்டுப் பாருங்கள். பல வண்டிகளில் ஏசி போட்ட சிறிது நேரத்தில் ஃபேன் சுழலும். ஏசிக்குச் சுழன்று, சூட்டுக்கு மட்டும் சுழலாவிட்டால் மோட்டாரைக் குறை சொல்ல முடியாது. சென்சாரையோ அதன் கனெக்டரையோ பார்க்க வேண்டும். கூலன்ட் குறைந்து சென்சார் இருக்கும் இடத்தில் காற்று நின்றாலும் இதே கதைதான். எதற்கும் சுழலவில்லையா? ஃபியூஸைப் பாருங்கள், அதே மாதிரி இன்னொரு ரிலேயை மாற்றிப் போட்டுப் பாருங்கள். அப்புறம் மோட்டாரின் கனெக்டரைக் கழற்றி, நடுவே ஃபியூஸ் வைத்த வயரால் பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுத்துப் பாருங்கள். அப்போதும் சுழலாவிட்டால் கோளாறு மோட்டாரில்தான். இன்ஜினை அணைத்த பிறகும் ஃபேன் திடீரென்று சுழலும் என்பதால் கையைத் தள்ளியே வைக்க வேண்டும்.

டைரக்ட் முறைக்குள்ள நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். நடுவழியில் மாட்டிக்கொண்டால் வீடு போய்ச் சேர அது போதும். செலவு குறைவு, வேலையும் சீக்கிரம் முடியும். ஆனால் சுவிட்ச் போட ஞாபகம் வேண்டும். மறந்தால் இன்ஜின் சூடேறும். சாவி போட்டதும் ஓடும்படி இணைத்தாலோ, குளிர்ந்த இன்ஜினுக்கும் ஃபேன் சுற்றி, மோட்டாருக்குள் கரண்ட்டைக் கடத்தும் கார்பன் பிரஷ் வீணாகத் தேயும்.

இதையெல்லாம்கூடச் சமாளித்துக்கொள்ளலாம். எனக்கு முடிவைத் தீர்மானித்தது மோட்டார் இழுக்கும் கரண்ட்தான்.

ரிலே கருகியது, கனெக்டர் உருகியது என்று வரும் வண்டிகள் பலவற்றில் குற்றவாளி ரிலே அல்ல. பேரிங் இறுகியோ, சுற்றுக்கம்பி பழுதாகியோ மோட்டார் வழக்கத்தைவிட அதிகக் கரண்ட் இழுத்துக்கொண்டிருக்கும். ஃபேன் கிளம்பும்போது இழுக்கும் பெரிய கரண்ட்டையும் தாங்க வேண்டும் என்பதால் ஃபியூஸ் 30 அல்லது 40 ஆம்பியரில் இருக்கும். அதனால் இந்தக் கூடுதல் இழுவையில் ஃபியூஸ் போகாது. சூடு முழுவதும் கனெக்டரிலும் ரிலேயிலும்தான் இறங்கும். அந்தச் சூடு கரண்ட்டின் இருமடிக்கு ஏற்ப உயரும். 12 ஆம்பியர் இழுத்த மோட்டார் 18 இழுத்தால் கரண்ட் ஒன்றரை மடங்குதான், ஆனால் கனெக்டரில் சூடு 2.25 மடங்கு. இந்த மோட்டாருக்கே டைரக்ட் கொடுத்தால் அதே இழுவை புது வயரிலும் டாஷ்போர்டு சுவிட்சிலும் வந்து உட்காரும். சிறிய சுவிட்ச் வழியாக அவ்வளவு கரண்ட்டை நேராக விடுவது ஆபத்து. ரிலே வைத்து இணைத்தாலும் அந்த ரிலே அடுத்துப் போகும்.

ஆகவே எதை மாற்றுவது என்று முடிவெடுப்பதற்கு முன் வயரைக் கவ்வியே டிசி கரண்ட்டை அளக்கும் கிளாம்ப் மீட்டரை ஃபேன் வயரில் மாட்டி, ஓடும்போது எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். உங்கள் மாடலின் சர்வீஸ் கையேட்டில் உள்ள அளவைவிடத் தெளிவாக அதிகம் என்றால் மோட்டார் மாற வேண்டியதுதான். கரண்ட் அதிகம் இல்லாமலே ஃபேன் மெதுவாகச் சுற்றினால் வயரிங்கைப் பாருங்கள். ஃபேன் ஓடும்போதே பேட்டரியின் பாசிட்டிவுக்கும் மோட்டாரின் பாசிட்டிவுக்கும் இடையே வோல்டேஜ் அளக்க வேண்டும். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் நடுவில் எங்கோ துரு அல்லது தளர்ந்த இணைப்பு. எர்த் பக்கமும் இதே சோதனை. ஃபேன் ஓடாதபோது மீட்டரில் 12 வோல்ட் காட்டுவதை நம்பாதீர்கள். ஒற்றை இழையில் தொங்கும் வயர்கூட லோடு இல்லாதபோது முழு வோல்டேஜைக் காட்டும்.

மோட்டாரை மாற்றும்போது கருகிய கனெக்டரையும் ரிலேயையும் சேர்த்தே மாற்றுங்கள். பழைய கனெக்டரின் முனைகள் சூட்டில் பிடிப்பை இழந்திருக்கும். புது மோட்டாரும் அதில் சூடேறும்.

மாற்றுவது மோட்டார் மட்டுமா, ஃபேனைச் சுற்றியுள்ள கூடும் இறக்கையும் சேர்ந்த முழு அசெம்பிளியா? இறக்கையில் விரிசலோ ஆட்டமோ இருந்தால், அல்லது ஃபேனை மெதுவேகத்தில் ஓட்டும் ரெசிஸ்டரும் கூட்டிலேயே இருந்து அதுவும் போயிருந்தால், அசெம்பிளி. இல்லையென்றால் மோட்டார் போதும். பிரஷ் மட்டும் மாற்றித் தருகிறார்கள். பேரிங் நன்றாக இருக்கும்போது அது சரியாக வரலாம், ஆனால் எத்தனை காலம் தாங்கும் என்று உறுதி சொல்லும் அளவுக்கு எனக்கு அனுபவம் இல்லை. புது வண்டிகளில் வரும் பிரஷ் இல்லாத, தனி மாட்யூல் வைத்த ஃபேன்களிலும் நான் அதிகம் கைவைத்ததில்லை. அவற்றுக்கு மேலே சொன்ன ரிலே சோதனையோ நேராகக் கரண்ட் கொடுப்பதோ பொருந்தாது, வண்டியின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் வைத்திருப்பவரிடமே போங்கள்.

புது மோட்டார் மாட்டியதும் சுழலும் திசையைப் பார்த்துவிடுங்கள். பாசிட்டிவும் நெகட்டிவும் மாறினால் பல மோட்டார்கள் தலைகீழாகச் சுற்றும். ரேடியேட்டருக்குப் பின்னால் இருக்கும் ஃபேன் காற்றை இன்ஜின் பக்கமாக இழுக்க வேண்டும். கிரில் முன்னால் ஒரு காகிதத்தைப் பிடித்தால் அது உள்நோக்கி ஒட்டிக்கொள்ள வேண்டும்.