பொட்டு கறுக்காத டின்டைப் படம்

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும் அம்மா அப்பாக்களுக்காக இதை எழுதுகிறேன். நானும் என் கணவரும் ஒரு போட்டோ ஸ்டூடியோவில் 230 டாலர் கொடுத்து ஏமாந்தோம். வெட்கம் என்னவென்றால், நான் ஸ்டூடியோக்காரர் மகள். இருட்டறையில் அப்பாவுக்கு, கழுவிய படம் நிலைத்து நிற்கச் செய்யும் ஹைப்போ உப்பைக் கரைத்துக் கொடுத்து வளர்ந்தவள்.

சான் ஹோசேயில் இருக்கும் மகன், கலிபோர்னியாவின் நெடுஞ்சாலை 49 வழியாக எங்களை அழைத்துப் போனான். 1849இல் தங்கம் தேடி ஓடிவந்த கூட்டத்தின் நினைவாக வைத்த எண் அது. சியரா நெவாடா அடிவாரத்தில் அந்தக் காலத்து ஊர்கள் வரிசையாக இருக்கின்றன. தொப்பியும் துப்பாக்கியும் கொடுத்து, பழுப்பு நிறத்தில் படம் அச்சடித்துத் தரும் கடைகளும் உண்டு. அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. டிஜிட்டல் படம்தான் என்று சொல்லியே எடுக்கிறார்கள். நாங்கள் நுழைந்த கடை வேறு மாதிரி. 1850களின் ஈரத்தகட்டு முறையில் அசல் டின்டைப் எடுக்கப்படும், தகடு ஒன்றுக்கு 85 டாலர் என்று வாசலில் பலகை. ரசாயனம் பூசிய உலோகத் தகட்டில், ஈரம் காயும் முன்பே எடுத்துக் கழுவும் பழைய காலத்துப் படம்தான் டின்டைப். உள்ளே துருத்தி வைத்த மரக் கேமரா, கறுப்புத் துணி, தலை அசையாமலிருக்கப் பின்னால் முட்டுக்கொடுக்கும் இரும்புத் தாங்கி. அப்பா பார்த்திருந்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போயிருப்பார்.

கடைக்காரர் முதலில் “ஒளி சரிபார்க்க” என்று சொல்லி டிஜிட்டல் கேமராவில் நாலைந்து முறை தட்டினார். பிறகு மரக் கேமராவின் மூடியைத் திறந்து ஆறு எண்ணினார். மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தோம். “கழுவுவதைப் பார்க்கலாமா?” என்றேன். ரசாயனம் ஆபத்து, காப்பீட்டுக்காரர்கள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்று திரைக்குப் பின்னால் போய்விட்டார். இருபது நிமிடத்தில் இரண்டு தகடுகள் வந்தன: தம்பதியாக ஒன்று, நான் தனியாக ஒன்று. கூடுதல் பிரதி முப்பது டாலர்தான், ரொக்கமாகக் கொடுத்தால் போதும் என்றார். மகளுக்கும் நாத்தனாருக்கும் இருக்கட்டுமே என்று இரண்டு வாங்கினேன். அங்கேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். டின்டைப்பில் நெகட்டிவ் கிடையாது. கேமராவுக்குள் இருந்த தகடேதான் படம். அதற்கு ஏது பிரதி?

இரவு மகன் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வைத்துப் பார்த்தபோதுதான் பொட்டு கண்ணில் பட்டது. வெளிறிய சாம்பலாக இருந்தது. ஈரத்தகட்டுக்கு நீல ஒளிதான் தெரியும், சிவப்பு தெரியவே தெரியாது. சிவப்பு விளக்கு வெளிச்சத்தில் அதைக் கழுவ முடிவதே அதனால்தான். குங்குமம் கரியாகக் கறுத்திருக்க வேண்டும். அடுத்தது மூக்குத்தி. நான் வலப்பக்கம் குத்தியவள். டின்டைப் கண்ணாடிபோல இடவலம் மாற்றிக் காட்டும். என் மூக்குத்தியோ வலப்பக்கமே இருந்தது. முகர்ந்தும் பார்த்தேன். சந்தரக் பிசினும் லாவெண்டர் எண்ணெயும் கலந்த வார்னிஷ் பூசுவதுதான் வழக்கம், புதுத் தகட்டில் அந்த மணம் இருக்கும். இதில் பிளாஸ்டிக் வாடை. “ஒளி சரிபார்த்த” படத்தையே அலுமினியத் தகட்டில் அச்சடித்துத் தந்திருக்கிறார்.

மறுநாள் மகன் தொலைபேசியில் கேட்டதற்கு, “உங்கள் அம்மா சிரித்துக்கொண்டுதானே வாங்கிப் போனார்?” என்று பதில் வந்ததாம். உண்மைதான், சிரித்தேன்.

நீங்கள் போனால், தகட்டை ஹைப்போவில் போடும்போது பக்கத்தில் நிற்க வேண்டும் என்று பணம் கொடுக்கும் முன்பே கேளுங்கள். நீலம் பூத்த நெகட்டிவாகத் தெரியும் முகம், கண்ணெதிரே மெல்லத் தெளிந்து நேர்ப்படமாக மாறும். அசலாகச் செய்பவர் அதைக் காட்டத்தான் ஆசைப்படுவார். மறுத்தால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள். ரொக்கமும் கொடுக்காதீர்கள். எங்கள் 60 டாலர் போனது போனதுதான். கார்டில் கட்டிய 170 டாலருக்கு மகன் வங்கியில் புகார் கொடுத்திருக்கிறான், இன்னும் முடிவு வரவில்லை. ரசீதில் ‘டின்டைப்’ என்ற சொல்லே இல்லை. ‘உலோக அச்சு, 2’ என்று மட்டும் போட்டிருக்கிறது.