கிராஃபோர்டா, நியூ மார்க்கெட்டா?

மும்பை கிராஃபோர்டு மார்க்கெட் 1869, கொல்கத்தா நியூ மார்க்கெட் 1874. ஐந்து வருட இடைவெளி, அவ்வளவுதான். இரண்டும் வெள்ளைக்காரர்கள் கட்டிய கூரைச் சந்தைகள். கொல்கத்தாவில் உள்ளூர்க்காரர்களோடு இடித்துக்கொண்டு காய்கறி வாங்க ஆங்கிலேயர்களுக்குப் பிடிக்கவில்லை. அதனால் தங்களுக்கென்றே ஒரு சந்தை எழுப்பினார்கள். இன்று அங்கே எல்லோரும்தான் இடித்துக்கொள்கிறார்கள், அது வேறு கதை.

கட்டட அழகு என்றால் கிராஃபோர்டுதான். வில்லியம் எமர்சன் வடிவமைத்தது. வாசலில் கொஞ்சம் நின்று அண்ணாந்து பாருங்கள்: நம் விவசாயிகள் கல்லில் புடைப்புச் சிற்பமாக இருப்பார்கள். லாக்வுட் கிப்ளிங்கின் கைவேலை. முக்கால்வாசிப் பேர் பழக்கூடையைப் பார்த்தபடியே உள்ளே போய்விடுகிறார்கள். இப்போதைய பெயர் மகாத்மா ஜோதிபா பூலே மண்டை (மராத்தியில் மண்டை என்றால் சந்தை). சொன்னால் டாக்சிக்காரர் ஒரு நொடி யோசிப்பார்.

நியூ மார்க்கெட்டுக்கும் 1903-இல், மாநகராட்சித் தலைவராக இருந்த ஸ்டூவர்ட் ஹாக் பெயர் வைத்தார்கள், ஒட்டவில்லை. 1985-இல் ஒரு பகுதி தீயில் போனது, திரும்பக் கட்டினார்கள். செங்கல் சிவப்பும் மணிக்கூண்டும் தவிர வெளியே பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் உள்ளே சுற்ற இதுதான் என் கட்சி. 1902-இல் யூதக் குடும்பம் தொடங்கிய நஹூம்ஸ் பேக்கரி இன்னும் அங்கேதான். கிறிஸ்துமஸ் சமயம் போனால் கேக்குக்கு வரிசையில் நிற்க வேண்டும்.