மெட்டல் வால்வா, டிஷ்யூ வால்வா? நான் மெட்டல் பக்கம் போன கதை

சின்ன வயசுல வந்த ருமாட்டிக் காய்ச்சல் எனக்கு 43 வயசுல வேலையக் காட்டுச்சு, இதயத்தோட இடது பக்க ரெண்டு அறைக்கும் நடுவுல இருக்குற மைட்ரல் வால்வு தடிச்சு சுருங்கிப் போச்சு, ரிப்பேர் தாங்காது மாத்திடலாம்னாங்க. எந்த வால்வுனு நீங்களே சொல்லுங்கன்னு டாக்டர் கேட்டப்ப முழிச்சேன்.

டிஷ்யூன்னா மாட்டு இதயத்தோட மேலுறையிலயோ பன்னி வால்வுலயோ செய்றது. சத்தம் வராது, ரத்தம் உறையாம இருக்குற மாத்திரையும் பெரும்பாலும் 3லேர்ந்து 6 மாசத்தோட முடிஞ்சிடும், இதயத்துடிப்பு ஒழுங்கா இருந்தா. ஆனா நம்ம சொந்தத் திசு மாதிரி அது தன்னைத் தானே சரி பண்ணிக்காது, ஒரு நாளைக்கு 1 லட்சம் தடவை மூடித் திறந்து கால்சியம் படிஞ்சு விறைச்சிடும். பொதுவா 10-15 வருஷம், வயசு கம்மின்னா இன்னும் சீக்கிரம். 55ல மறுபடி நெஞ்சைப் பிளக்கணுமானு நெனச்சதுமே எனக்கு முடிவு வந்துடுச்சு. நெஞ்சைத் திறக்காம, கால் ரத்தக்குழாய் வழியா பழைய டிஷ்யூ வால்வுக்கு உள்ளயே இன்னொண்ணு பொருத்துற முறையும் இருக்கு, எல்லாருக்கும் ஒத்து வராது.

மெட்டல்னு பேரு, உள்ள திறந்து மூடுற கதவு கார்பன்தான் (திருவனந்தபுரத்துல நம்மாளுங்களே செஞ்ச சித்ரா வால்வுல அது பிளாஸ்டிக் தட்டு, 1990லயே ஒரு நோயாளிக்கு வச்சாச்சு). வால்வு பாட்டுக்கு ஓடும், பராமரிப்புதான் நம்ம தலைல. தினமும் சாயங்காலம் அதே நேரத்துக்கு ரத்தம் உறையாம இருக்குற வார்ஃபரின் மாத்திரை, சாகுற வரைக்கும். ரத்தம் உறைய எவ்ளோ நேரம் ஆகுதுன்னு காட்டுற பிடி ஐஎன்ஆர் டெஸ்ட் பார்த்துக்கிட்டே இருக்கணும், எனக்கு 2.5லேர்ந்து 3.5க்குள்ள நிக்கணும். கீழ போனா வால்வுல ரத்தம் கட்டி பக்கவாதம் வரைக்கும் போகும், மேல ஏறுனா பல்லு தேய்க்கும்போதே ரத்தம். முருங்கைக்கீரை அந்த மாத்திரையோட வேலையக் குறைக்கும், அதுக்காக விடச் சொல்லல, ஒரு வாரம் வெளுத்துக்கட்டிட்டு அடுத்த வாரம் தொடாம இருக்கக் கூடாது, அளவு ஒரே மாதிரி இருக்கணும், அவ்ளோதான். முட்டி வலிக்குதுன்னு மெடிக்கல்ல நீங்களா டைக்ளோஃபெனாக் வாங்கிப் போட்டுடாதீங்க, பல்லு புடுங்கப் போனாலும் முதல்ல வால்வு விஷயத்தச் சொல்லிடுங்க.

65 தாண்டுனவங்கன்னா நானே டிஷ்யூதான் சொல்வேன். இனிமேதான் குழந்தை பெத்துக்கணும்னு இருக்குற பொண்ணுங்களுக்கு வார்ஃபரின் பெரிய சிக்கல், அத டாக்டர்கிட்ட தனியா உக்காந்து பேசணும், என் அனுபவத்த வச்சு எதுவும் சொல்ல மாட்டேன். இதயத்துலேர்ந்து ரத்தம் உடம்புக்குப் போற வழியில இருக்குற அயோர்டிக் வால்வுக்கு கணக்கே வேற.

மத்தபடி வால்வு விலைய விசாரிக்கிறதுக்கு முன்னாடி பக்கத்துல ஐஎன்ஆர் பாக்குற லேப் இருக்கானு பாருங்க. எனக்கு பஸ்ல 40 நிமிஷம், 6 வருஷமா போயிட்டுதான் இருக்கேன், மழை பேஞ்சா மட்டும் அந்த டிஷ்யூ வால்வு ஞாபகம் வரும்.