பச்சைக் கோட்டு லூபனா, சிவப்புக் கோட்டு லூபனா?

திருடன் லூபனின் கதையைச் சொல்லும் ஜப்பானிய அனிமே ‘மூன்றாம் லூபனை’ எந்தத் தொடரிலிருந்து பார்க்கத் தொடங்குவது? என் ஓட்டு பச்சைக்கே. 1971இல் வந்த முதல் தொடரில் லூபனுக்குப் பச்சைக் கோட்டு. மொத்தமே 23 அத்தியாயங்கள். மசாகி ஓசுமி இயக்கிய ஆரம்பக் கதைகளில் இருட்டு, துப்பாக்கி, துரோகம். பார்ப்பவர்கள் குறையவே, இயக்குநர்கள் இசாவோ தகஹாதாவும் ஹயாவோ மியாசாகியும் பொறுப்பேற்றார்கள், திருடன் குறும்புக்காரனாகிவிட்டான். ஒரே தொடரில் இரண்டு ருசி!

1977இல் தொடங்கிய இரண்டாவதில் சிவப்புக் கோட்டு, 155 அத்தியாயங்கள். நாடு நாடாகத் திருட்டு, விடாமல் துரத்தும் இன்ஸ்பெக்டர் ஜெனிகாதா, யூஜி ஓனோவின் ஜாஸ் இசை. ஜாலிதான், ஆனால் இவ்வளவு நீளத்தில் சொத்தையும் உண்டு. சரி, கடைசி அத்தியாயத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். மியாசாகி புனைபெயரில் இயக்கியது. பறக்கும் ரோபோ வரும்.