சர்வர் ரூம் ஏசிக்கு டேப்போடு வருகிறவரிடம் உஷார்

எங்கள் அலுவலகத்தில் பத்துக்குப் பத்து அறை ஒன்றில் ஒரே ஒரு ரேக் (சர்வர்களை அடுக்கும் இரும்பு அலமாரி), அதில் ஏழு சர்வர். ‘சர்வர் ரூம் கூலிங் ஸ்பெஷலிஸ்ட்’ என்று கார்டு நீட்டியவரை நம்பி ஏசி வேலையைக் கொடுத்தோம். வந்தார், டேப்பை எடுத்தார், நீளம் அகலம் அளந்தார். “நூறு சதுர அடிக்கு ஒரு டன் தாராளம் சார்” என்றார். ரேக் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

படுக்கையறைக்கு அந்தக் கணக்கு சரி. சர்வர் அறையில் எத்தனை வாட் இழுக்கிறது என்பதுதான் கேள்வி. இழுக்கிற மின்சாரம் கிட்டத்தட்ட முழுசும் சூடாகத்தான் வெளியே வரும். எங்கள் யுபிஎஸ் டிஸ்ப்ளேயில் 4.6 கிலோவாட் என்று பளிச்சென்று தெரிகிறது. ஒரு டன் ஏசி வெளியேற்றுவது சுமார் 3.5 கிலோவாட். மிச்சம் 1.1 கிலோவாட்; ஒரு அயர்ன் பாக்ஸை இரவும் பகலும் அணைக்காமல் உள்ளே வைத்த மாதிரி.

இதைவிடப் பெரிய கூத்து, ஏசியை ரேக்கின் பின்பக்கச் சுவரில் மாட்டியது. சர்வர் முன்பக்கம் காற்றை இழுத்துப் பின்பக்கம் சூடாகத் துப்பும். குளிர்காற்று சேர வேண்டியது முன்பக்கம். இவர் மாட்டியதில் அது நேராகப் போய்ச் சூட்டோடு கலந்தது. ரேக்கில் காலி இடங்களை மூடும் தகடும் போடவில்லை, அந்த ஓட்டை வழியாக வெந்த காற்று திரும்ப முன்னால் வந்தது.

மூன்றாம் நாளே ஃபேன் சத்தம் மூடிய கதவைத் தாண்டிக் கேட்டது. எதைத் திறந்தாலும் மந்தம். சூடு தாங்காமல் ப்ராசசர் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது என்று அப்புறம்தான் புரிந்தது. கூப்பிட்டால் ரிமோட்டைக் காட்டி, “18 இருக்கு பாருங்க சார், உங்க சர்வர்தான் பழசு” என்கிறார். ரிமோட்டில் தெரிவது நாம் செட் செய்த எண். சர்வர் தானே எழுதிவைக்கும் பதிவில் (லாக்) முன்பக்கச் சென்சார் காட்டியது 39. ஆஷ்ரே (அமெரிக்க ஏசி பொறியாளர்கள் சங்கம்) பரிந்துரைப்படி அங்கே 18 முதல் 27 டிகிரிக்குள் இருக்க வேண்டும். இரண்டு ஹார்ட் டிஸ்க் போன பிறகு அவர் சொன்ன வைத்தியம்: கதவைத் திறந்து வைத்து ஒரு டேபிள் ஃபேன். இல்லாவிட்டால் அதே சுவரில் இன்னொரு ஒரு டன்!

பணத்தைத் திருப்பிக் கேட்டோம். பில்லை நீட்டினார்: ‘1 டன் ஏசி சப்ளை, ஃபிட்டிங்’. அதைத்தானே செய்திருக்கிறார்! அதனால் கொடேஷனிலேயே ‘முழு லோடில் சர்வர் முன்பக்கம் 27 டிகிரியைத் தாண்டாது’ என்று எழுதி வாங்குங்கள். மழுப்பினால் ஆளை மாற்றுங்கள். கரண்ட் போனால் ஏசிக்கு என்ன ஏற்பாடு என்றும் கேளுங்கள். யுபிஎஸ்ஸில் சர்வர் ஓடிக்கொண்டிருக்கும், ஏசி நின்றிருக்கும், சில நிமிடத்தில் அறை அடுப்பாகிவிடும்.

அடுத்து வந்தவர் முதலில் கேட்டதே யுபிஎஸ் டிஸ்ப்ளே எங்கே என்றுதான். பழைய ஆள் இப்போது போன் எடுப்பதில்லை. ஃபிட்டிங் பாக்கியைக் கேட்டு மட்டும் மாதம் தவறாமல் ஒரு மெசேஜ் வருகிறது.