ஊசியை உங்கள் கண் முன்னால் பிரித்தார்களா? மைக்ரோநீட்லிங் செய்யப் போகிறவர்களுக்கு

முகத்துக்கு மைக்ரோநீட்லிங் செய்துகொள்ளலாமா என்று யோசிப்பவர்கள் இதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். நான் செய்துகொண்டு ஐந்து மாதம் ஆகிறது. போகும்போது கன்னத்தில் பழைய பருத்தழும்புகள், தாடையோரம் நாலைந்து புதுப் பருக்கள், அவ்வளவுதான். இன்று அந்தத் தழும்புகள் அப்படியே இருக்கின்றன. அதோடு இரண்டு கன்னத்திலும் கருந்திட்டு, நெற்றியில் வரிசை வரிசையாகச் சிறு மேடுகள்.

சிகிச்சையைக் குறை சொல்ல வரவில்லை. மெல்லிய ஊசிகளால் தோலில் நுண்ணிய துளைகள் போடுகிறார்கள். உடம்பு அதைக் காயமாக நினைத்து ஆற்றத் தொடங்கும்போது தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் புதிதாக உருவாகி, பள்ளமான தழும்பு மெல்ல நிரம்பும். அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-இல் பருத்தழும்புக்காக இப்படி ஒரு கருவியை அனுமதித்தது, 22 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். ஆனால் மாதத்துக்கு ஒன்று என்ற கணக்கில் மூன்று நான்கு தடவையாவது செய்ய வேண்டும், பலன் தெரியவும் மாதக்கணக்கில் ஆகும். ஒரே தடவையில் முகம் பளிங்கு மாதிரி ஆகிவிடும் என்று யாராவது சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். எனக்கு அப்படித்தான் சொன்னார்கள், நான் எழுந்து வரவில்லை.

நான் போன இடத்தில் ஆறு தடவைக்கான பணத்தை முதலிலேயே வாங்கிக்கொண்டார்கள். டாக்டர் வருவார் என்றார்கள், கடைசி வரை வரவில்லை. வெள்ளைக் கோட்டு போட்ட ஒரு பெண் வந்து களிம்பு தடவினார். நன்றாக மரத்துப்போக அரை மணி நேரத்துக்கு மேல் ஆகும், அவர் கால் மணி நேரத்திலேயே துடைத்துவிட்டார். பருவுக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறேனா, உதட்டில் அக்கி மாதிரிக் கொப்புளம் வருவதுண்டா, காயம் பட்டால் தழும்பு தடித்து வளருமா, ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறேனா, எதையும் கேட்கவில்லை. இவை ஒவ்வொன்றும் சிகிச்சையைத் தள்ளிப்போடவோ வேண்டாம் என்று சொல்லவோ காரணமாகக்கூடியவை என்று பிறகுதான் தெரிந்தது.

தாடைப் பக்கம் வந்தபோது நானே சொன்னேன், "இங்க பரு இருக்கே." "அதுவும் இதோட போயிடும் மேடம்" என்று அதன் மேலேயே ஓட்டினார். பழுத்த பருவின் மேல் ஊசி போனால் அதிலிருக்கும் கிருமி பக்கத்திலுள்ள துளைகளுக்கும் போகலாம். நெற்றியில் எலும்பின் மேல் தோல் மெல்லியது, அங்கே ஆழத்தையும் அழுத்தத்தையும் குறைக்க வேண்டும். கன்னத்தில் அழுத்தியது போலவே அங்கேயும் அழுத்தினார். வலி தாங்காமல் கையைப் பிடித்தேன். "ரத்தம் வந்தாதான் ரிசல்ட் வரும், பொறுத்துக்கோங்க." முடிந்ததும் ஏற்கெனவே திறந்திருந்த ஒரு குப்பியிலிருந்து வைட்டமின் சி சீரம் எடுத்துத் தேய்த்தார்.

இரண்டு நாள் சிவப்பும் எரிச்சலும் இருப்பது இயல்பு. மூன்றாம் நாள் எனக்குச் சீழ்க் கொப்புளங்கள் வந்தன. போன் செய்தேன். "உள்ள இருக்கிற அழுக்கு வெளிய வருது, அப்படித்தான் இருக்கும்" என்றார்கள். அதை நம்பி இன்னும் நான்கு நாள் சும்மா இருந்தேன். எல்லாவற்றிலும் என்னை அதிகம் வருத்துவது அந்த நான்கு நாள்தான். சீழ், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வீக்கம் இதில் எது வந்தாலும் செய்தவரிடம் கேட்காதீர்கள், நேராகத் தோல் மருத்துவரிடம் போங்கள்.

நான் போன தோல் மருத்துவர் முதலில் ஆன்டிபயாடிக் கொடுத்தார். மாநிறமும் கறுப்புமான தோலில் இந்த வீக்கம் அடங்கியதும் கருமை தங்கிவிடும், வெயில் பட்டால் இன்னும் கூடும் என்றார். சன்ஸ்கிரீன் பற்றி அதுவரை எனக்கு யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நெற்றி மேடுகள் ஊசியை அதிகம் அழுத்தியதால் வந்த தழும்புகள். முகத்தில் பூசுவதற்கென்று செய்த சீரம் துளைகள் வழியே உள்ளே இறங்கினால் ஒவ்வாமையால் கட்டிகள் வரலாம், வைட்டமின் சி சீரத்தாலேயே அப்படி நடந்திருக்கிறது என்றும் சொன்னார்.

அப்புறம் ஒரு கேள்வி கேட்டார். "ஊசியை உங்க முன்னாடி பிரிச்சாங்களா?"

யோசித்துப் பார்த்தேன். நான் படுத்தபோதே, ஊசிகள் பதித்த அந்த ரோலர் ஒரு தட்டில் உறையில்லாமல் கிடந்தது.

அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில், சொந்த ரத்தத்தை எடுத்து, அதிலிருந்து பிரித்த பகுதியை ஊசித் துளைகளோடு முகத்தில் செலுத்தும் 'வேம்பயர் ஃபேஷியல்' செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. தொற்றியது. 2018-இல் அந்த இடத்தை மூடினார்கள், 2024-இல் அந்நாட்டு நோய்த்தடுப்பு அமைப்பான சி.டி.சி. அறிக்கை வெளியிட்டது. ஒருமுறை மட்டுமே பயன்படுத்த வேண்டிய பொருட்களை அங்கே திரும்பத் திரும்பப் பயன்படுத்தியிருந்தார்கள். எனக்கு ரத்தம் ஏற்றவில்லை, ஆனால் ரத்தம் பட்ட ஊசி இன்னொருவர் முகத்துக்குப் போனால் ஆபத்து அதே வகைதான்.

ஊசி போட்ட இடத்துக்கே திரும்பப் போய் மூன்று விஷயம் கேட்டேன்: ஊசி எத்தனை மில்லிமீட்டர் இறங்கியது, சீரத்தின் பெயர் என்ன, ஊசி புதியதா. முதல் இரண்டையும் எழுதிவைக்கும் வழக்கம் இல்லையாம். மூன்றாவதற்கு, "எல்லாருக்கும் கிளீன் பண்ணித்தான் போடறோம்" என்று பதில் வந்தது. அது போதுமான பதிலே இல்லை. ஊசி கிருமி நீக்கிய உறையில் வர வேண்டும், உங்கள் எதிரில் பிரிக்க வேண்டும், முடிந்ததும் உங்கள் எதிரிலேயே ஊசிகளுக்கான குப்பைப் பெட்டியில் போட வேண்டும். படுப்பதற்கு முன்பே கேளுங்கள், முகம் சுளித்தால் வந்துவிடுங்கள். மீதி ஐந்து தடவைக்கான பணம் இன்னும் திரும்பவில்லை. ரசீதும் தினம் ஒரு புகைப்படமும் வைத்திருக்கிறேன், எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன்.

எச்.ஐ.வி., ஹெபடைடிஸ் பி, சி மூன்றுக்கும் அப்போதே ரத்தப் பரிசோதனை செய்தேன், மூன்றாம் மாதம் மறுபடியும் செய்தேன். எதுவும் இல்லை. ஆறாம் மாதப் பரிசோதனை இன்னும் பாக்கி இருக்கிறது.