நாலு மணி நேரம் கேட்கும், அப்புறம் காடு காணாமல் போகும்

போன வாரம் ஆபீஸ் நண்பன் கேட்டான். "மச்சான், லைசென்ஸ் எடுத்துட்டேன், நவம்பர்ல மான் வேட்டைக்கு நானும் வர்றேன், நீ வெச்சிருக்கற எலெக்ட்ரானிக் இயர்மஃபையே வாங்கிடவா?" வாங்கு என்றும் வேண்டாம் என்றும் ஒரே மூச்சில் வாய் வரை வந்தது. காதை மூடும் கிண்ணங்கள்தான், ஆனால் வெடிச்சத்தத்தை அடக்கிவிட்டு, சுற்றியுள்ள சின்னச் சத்தத்தை மைக் வழியாகப் பெருக்கிக் கொடுக்கும்; அணைந்தால் வெறும் மூடிதான். மூன்று சீசனாக அதோடு குடித்தனம் நடத்துகிறேன். கம்பெனி பெயர் வேண்டாம், துப்பாக்கிக் கடையில் நுழைந்ததும் கண்ணெதிரே தொங்கும் மலிவு ரகம்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன், கோபம் வந்த பிறகு சொல்ல மனசு வராது. டெக்சாஸ் ஹில் கன்ட்ரியில், லானோ பக்கம், விடியலுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே பரணில் ஏறி உட்கார்ந்து குமிழைத் திருப்பிய முதல் நாள் எனக்கு வேறு காது முளைத்தது போல இருந்தது. பின்னால் சருகு மேல் யாரோ பூட்ஸ் காலோடு நடந்து வருகிறார்கள், சத்தியமாக மனுஷன்தான் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. வெளிச்சம் வந்ததும் பார்த்தால் ஒரு அர்மடில்லோ, முதுகில் ஓடு போர்த்திய பிராணி, பூனை அளவுதான், மூக்கால் மண்ணைக் கிளறிக்கொண்டு போகிறது. மானுக்குத் தீனி போடும் ஃபீடர் சுழன்று மக்காச்சோளம் சிதறுவது, மெஸ்கீட் முள்ளில் குருவி வந்து உட்காருவது எல்லாம் கேட்கும். இதைக் கேட்டுப் பழகியவனால் காதுக்குள் செருகும் வெறும் ஃபோம் பிளக்கை வைத்துக்கொண்டு பரணில் உட்காரவே முடியாது.

இப்போது வயிற்றெரிச்சலுக்கு வருகிறேன். நாலு மணி நேரம் ஆனதும் இந்தச் சனியன் தானாக அணைந்துவிடும். பேட்டரி மிச்சம் பிடிக்கிறதாம். சரி, மிச்சம் பிடிக்கட்டும், அணைவதற்கு முன்னால் ஒரு பீப் கொடுத்தால் குறைந்தா போய்விடும்? ஒரு சத்தமும் இல்லை. போன வருஷம் 5.15-க்கு ஆன் செய்தேன். 9.15 வாக்கில் காற்று நின்றுவிட்டது, அடடா என்ன அமைதி என்று நான் ரசித்துக்கொண்டிருக்கிறேன். காற்று எங்கே நின்றது, எதிரே புல் ஆடிக்கொண்டுதானே இருக்கிறது என்று மண்டையில் உறைப்பதற்குள் இடது பக்கம் முப்பது கஜத்தில் கொம்பு மான் ஒன்று நின்று என்னையே பார்த்தது. நான் கையைக் குமிழுக்குக் கொண்டுபோனேன், அது வெள்ளை வாலைத் தூக்கிக்கொண்டு ஒரே ஓட்டம். அது நடந்து வந்த சத்தம் ஒன்றுகூட என் காதில் விழவில்லை. அன்றிலிருந்து மூன்றரை மணி நேரத்துக்கு ஒரு தரம் சட்டைப்பையில் போன் அதிரும், நானும் அணைத்துவிட்டு மறுபடி போடுவேன். இதற்கா காசு கொடுத்தேன்?

ஒன்று ஒப்புக்கொள்ள வேண்டும். ஜனவரியில் சீசன் முடிந்ததும் பேட்டரியைக் கழற்றாமல் அலமாரியில் போட்டது நான்தான். ஆகஸ்டில் திறந்தால் ஸ்பிரிங் முழுக்க வெள்ளைப் பொடி பூத்துக் கிடக்கிறது. சமையலறை வினிகரைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தேய்த்து, நகம் ராவும் அட்டையால் சுரண்டினேன், உயிர் வந்துவிட்டது. இதை வைத்துக் கம்பெனியைத் திட்ட முடியாது, திட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை.

நண்பனுக்கு நான் முக்கியமாகச் சொன்னது வேறு. பெட்டியில் என்.ஆர்.ஆர். 23, அதாவது சத்தத்தை இத்தனை டெசிபல் குறைக்கும் என்று போட்டிருப்பதை அப்படியே நம்பாதே. தொழிற்சாலை இரைச்சலுக்கு ஓஷா (அமெரிக்கத் தொழிலாளர் பாதுகாப்புத் துறை) சொல்லும் கணக்கில் அதிலிருந்து 7-ஐக் கழித்து மீதியில் பாதியைத்தான் எடுப்பார்கள், அப்படியென்றால் 8. அந்தக் கணக்கு வெடிச்சத்தத்துக்கு அப்படியே பொருந்தாது, ஆனாலும் அட்டைப்பெட்டி எண் எவ்வளவு தாராளம் என்று புரியும். 140 டெசிபலைத் தாண்டினால் ஒரே வெடி போதும் காதைக் கெடுக்க. 308 ரைஃபிள் 160-க்கும் மேலே போகும். சின்ன வயசில் லட்சுமி வெடிக்குப் பக்கத்தில் நின்றதற்கே எனக்கு இரண்டு நாள் கொய்ங் என்றது. சுட்டுப் பழகும் கூரை போட்ட ரேஞ்சில், பக்கத்து லேனில் துப்பாக்கி முனையில் மஸில் பிரேக் (உதையைக் குறைத்து, சத்தத்தைப் பக்கவாட்டில் தள்ளும் துண்டு) போட்ட ஆள் வந்துவிட்டால், உள்ளே ஃபோம் பிளக், மேலே இயர்மஃப், வால்யூமை ஏற்றிக்கொள், பேச்சு கேட்கும். பிளக்கின் 29, மஃபின் 23, இரண்டு எண்களையும் கூட்டி 52 என்று கனவு காணாதே, பெரிய எண்ணோடு ஒரு 5 சேரும், அவ்வளவுதான்.

கண்ணாடி போடுகிறவனா நீ என்று அவனைக் கேட்க மறந்துவிட்டேன். நான் போடுகிறேன். கண்ணாடிக் காம்பு இயர்மஃபின் விளிம்பு மெத்தையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறது, அந்தச் சந்து வழியாகத்தான் சத்தம் உள்ளே வருகிறது. இதில் ரைஃபிள் கட்டையில் கன்னத்தை வைத்தால் வலது பக்கக் கிண்ணம் கட்டையில் இடித்துக் கொஞ்சம் நகரும்.

ஆக அவனுக்கு எழுதிய பதில்: இதை வாங்காதே, தானாக அணையாத ரகமாகப் பார்த்து இன்னும் நூறு டாலர் போட்டு வாங்கு. நானும் இனி இதை வாங்குவதாக இல்லை. அனுப்பிவிட்டு, என்னுடையதற்கு ஜெல் மெத்தை ஒரு ஜோடி ஆர்டர் போட்டேன். வியாழக்கிழமை வருகிறது.